வகுபடாத எட்டு இலக்கம்

மலைமேல் சோளக்காடு ஊரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் செல்வி அக்காவின் குரல் கேட்டது.

அக்கா நாமக்கல்லில் கணிதம் படித்தவள். தீராத நோயோடு கல்லூரியிலிருந்து திரும்பி வந்த வருடம், வாசலில் மிளகு காய, உள்ளே கட்டிலில் கிடந்து ஒரே எண்ணைச் சொல்வாள்: 73939133. அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை எடுத்தால் மிஞ்சுவதும் பகா எண்தான். அடுத்ததை எடுத்தாலும் அப்படியே. முடிவில் ஏழு மட்டும் நிற்கும், அதுவும் வகுபடாது.

"எவ்வளவு வெட்டுனாலும் உடையாது பாரு கண்ணு," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு இலக்கமாகக் குறைத்துச் சொல்லச் சொல்ல அவள் குரலும் தேயும்.

அம்மாவுக்கு அதைக் கேட்டாலே பயம். "வேண்டாஞ் சாமி, அந்தக் கணக்க நிறுத்து," என்று கெஞ்சுவாள்.

ஒரு மத்தியானம் அக்கா ஏழு வரை வந்து நின்றாள். அதன்பிறகு பேசவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், மிளகைக் கிளறிக்கொண்டே அம்மா அந்த எட்டு இலக்கத்தையும் முணுமுணுப்பது கேட்டது. பள்ளிக்கூடமே போகாதவள், ஒன்றுகூடப் பிசகவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து முழுதாகச் சொன்னாள்.

"அக்கா மாதிரி குறைச்சுச் சொல்லலீங்களாம்மா?"

"குறைச்சா தீந்து போயிருமே கண்ணு."

அம்மாவும் இப்போது இல்லை. பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாரு போன் நம்பருங்க, சொல்லிக்கிட்டே வாறீங்க?"

அப்போதுதான் என் வாய் அசைவது எனக்கே தெரிந்தது.

"எங்கக்காவோடதுங்க," என்றேன்.