ரீல் மாற்றும் நேரத்தில் நான் பேசிய பேச்சு

படம் காட்டுவதற்குப் புரொஜக்டர் வேண்டும், திரை வேண்டும், இருட்டு வேண்டும். ஆனால் படத்துக்கு அர்த்தம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும் என்று தர்மபுரியில் எங்கள் முதலாளி ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் நான்தான். யுத்த காலம். திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா நல்லம்பள்ளிப் பக்கம் கேழ்வரகும் துவரையும் போடுகிறவர். சந்தைக்குப் போனால், "மகனுக்கு உத்தியோகம் ஆச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அவர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டு, ஆட்டை விற்பதற்கும் அண்டை வீட்டுக்காரரை அனுப்ப ஆரம்பித்திருந்தார். மனுப் போட்ட எந்த ஆபீஸும் எனக்குப் பதில் எழுதவில்லை. அப்போதுதான் டூரிங் கொட்டகை முதலாளி ஆள் அனுப்பினார்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டுகிற வரையில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். சாதாரணப் படமாக இருந்தால் ஜனங்கள் வெளியே போய்ச் சோடா குடித்து, முறுக்குத் தின்று, திரும்பி வருவார்கள். பட்டணத்துப் பத்திரிகைகள் கொண்டாடிய படமாக இருந்தால், வெளியே போகிறவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். "பட்டணத்துல ஆகா ஓகோங்கறான், இங்க பாதியில பெஞ்சு காலியாவுது. படிச்சவன் ஒருத்தன் எடுத்துச் சொன்னா ஒக்காருவாங்க" என்பது முதலாளியின் எண்ணம். என்னைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நிபந்தனையும் போட்டார்: "கொட்டாயி இங்கிருந்து பென்னாகரம் போற வரைக்கும் பாப்பேன். ஜனங்க எந்திரிச்சுப் போனா நீயும் அவங்களோடயே போயிடு தம்பி."

மறுவாரமே அப்பா சந்தைக்குப் போனார். மகன் டவுனில் பேச்சு உத்தியோகம் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தாராம். கேட்காதவர்களுக்கு எடுத்துச் சொல்லியே சாப்பிடுகிற வாத்தியார்களும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளும் சுகாதார இன்ஸ்பெக்டர்களும் என் சங்கடத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

கதவு

முதல் படத்தில் ஒரு கட்டம். புருஷன் வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறான். பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்க்கிறாள், உள் அறைக்குப் போகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். காமிரா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. அதோடு ரீலும் முடிந்துவிடும். ஒரு பத்திரிகை இந்தக் கதவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அதை நான் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன்.

விளக்கு வந்தது. "மகா ஜனங்களே! இங்கே டைரக்டர் நம் கண்ணுக்கு எதிரே கதவைச் சாத்தி, நம் மனக்கதவைத் திறக்கிறார். உள்ளே அந்த உத்தமி தேம்பித் தேம்பி அழுவதை நாமே ஊகித்து உணர வேண்டும்" என்று தொடங்கி, அவள் எப்படிச் சுவரில் சாய்ந்திருப்பாள், முந்தானை எப்படி நனைந்திருக்கும் என்பதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். ஆண்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்துப் படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். சந்தையில் கருவாடு விற்கும் மாதம்மாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவள் கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினாள்.

"அவ உள்ள என்னா பண்றான்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? பாவம், நாலு பேரு பாக்கக் கூடாதுன்னு கதவச் சாத்திக்கிட்டா. அவளப் போயி வெளிய இழுத்து வுட்டுட்டீங்களே சாமி!"

முனியப்பன் சந்தோஷம்

கொட்டகை வாசலில் முறுக்கு, கடலை, சோடாக் கடை வைத்திருந்தவர் முனியப்பன். முதலாளிக்கு வாடகை கொடுத்து நடத்தும் கடை. நான் பேசத் தொடங்கிய முதல் வாரம், ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்த முகம் அவருடையது ஒன்றுதான். அவருக்காவது என் பேச்சுப் பிடித்திருக்கிறதே என்று எனக்குத் தெம்பாக இருந்தது. ஒளியமைப்பைப் பற்றியும், நாயகியின் மௌனத்தைப் பற்றியும் நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

வாரக் கடைசியில் ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். "எந்தக் கட்டத்து விளக்கம் உங்களுக்கு நன்றாக இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எதுவும் காதுல வுழுந்ததில்லீங்க. ஆனா நீங்க வாயத் தொறந்தா எனக்கு முறுக்குப் பத்த மாட்டேங்குது. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் நீட்டிப் பேசுங்க தம்பி."

இலைச் சோறு

அன்றிரவெல்லாம் தூக்கம் இல்லை. முதலாளி வாசலில் நின்று யார் யார் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆகவே அடுத்த படத்துக்கு இன்னும் அதிகமாகப் படித்துக்கொண்டு போனேன். அதில் ஒரு பணக்காரக் கல்யாணம். பந்தியில் பாதி தின்ற இலைகளைக் காட்டிவிட்டு, உடனே ஒரு பிச்சைக்காரனின் வெறும் கையைக் காட்டுவார்கள். சொல்லாமல் சொல்லும் அந்த உத்தியைப் பட்டணத்து விமர்சகர் ஒருவர் வானளாவப் புகழ்ந்திருந்தார். நானும் புகழ்ந்தேன்.

சந்தைக்காக வத்தல்மலையிலிருந்து சாமை கொண்டு இறங்கியிருந்த நாலைந்து பேர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யுத்தத்தில் அரிசி கண்ணில் படாத காலம் அது. அவர்களில் ஒருவர் கையை உயர்த்தி, "அந்த எலையில இருந்தது நெசமான நெல்லுச்சோறுங்களா?" என்றார். ஆமாம், இருக்கலாம் என்றேன். "படம் புடிச்சு முடிச்சப்பறம் அதை யாரு தின்னாங்க?" என்றார். எழுந்திருந்தவர்கள்கூட உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. எனக்கோ தெரியாது. தெரிந்தமாதிரி சொல்லவும் வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். உடனே ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். ஸ்டூடியோ நாய்க்குப் போட்டிருப்பார்கள் என்று ஒருவர். நடித்தவர்களே மறுபடி உட்கார்ந்து தின்றிருப்பார்கள் என்று இன்னொருவர். அடுத்த ரீல் ஓடத் தொடங்கும்வரை ஒருவரும் வெளியே போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "இன்னிக்கு ஒருத்தனும் எந்திரிக்கல. அப்படி என்னா சொன்ன?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு பி.ஏ. எதுக்குய்யா? அதுக்கு எங்கிட்ட ஏற்கெனவே ஆளு இருக்கே!"

மறுபடியும் சாவு

எங்கள் ஆபரேட்டர் மாதையன் நல்ல மனிதர். இஞ்சினும் அவரே, புரொஜக்டரும் அவரே. ஒருநாள் இஞ்சின் மக்கர் பண்ணிய அவசரத்தில் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். கதையில் வரும் கிழவர், பிள்ளைகள் கைவிட்டதால் ஒரு சத்திரத்தில் செத்துப் போகிறார். பெண்கள் பக்கம் ஒரே அழுகை. அடுத்த ரீலில் அதே கிழவர் கையில் மூட்டையோடு மகள் வீட்டு வாசலில் நிற்கிறார். மகள் அவரை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். கொட்டகை முழுவதும் கை தட்டியது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாதையன் ஓடி வந்து, "கனவு கண்டாருன்னு சொல்லிச் சமாளிங்க" என்று என் காதில் சொன்னார். இல்லாத கனவை எப்படிச் சொல்வது? விளக்கு வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: ரீல் மாறிவிட்டது, மகள் வீட்டுக்கு அவர் போனது சாவதற்கு முன்னால், இப்போது அவர் உயிரோடு இல்லை. பிறகு தரை டிக்கெட்டில் இருந்த ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார்.

"செத்தவன் பொழச்சு வந்து மக கையால சோறு தின்னான்னு நாங்க பாட்டுக்குச் சந்தோசமா இருந்தோம். அந்த மனுசன மறுபடியும் கொன்னுட்டீங்களே, இது நாயமுங்களா?"

ஆமேலே

மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு கன்னடக்காரத் தம்பதி வந்திருந்தார்கள். கணவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மனைவிக்கு அவ்வளவாக வராது. நான் பேசுவதை நிறுத்திய பிறகும் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் கண்ணை அகட்டி, "ஆமேலே? ஆமேலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், அப்புறம் என்று என்னிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. நான் சொன்னதைவிட அவர் சொன்னது இரண்டு பங்கு நீளம். என் விளக்கம் கன்னடத்தில் இவ்வளவு ருசியாக இருக்கிறதா என்று பெருமையோடு அவரிடம் போய், எப்படி மொழிபெயர்த்தீர்கள் என்று கேட்டேன். மனிதர் சங்கடத்தோடு துண்டைச் சரி செய்துகொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொன்னத நான் சொல்லல. எங்க வூட்ல படம் ஓடறப்பவே தூங்கிட்டாங்க, அதான் நடந்த கதையச் சொன்னேன்."

கதவு, இரண்டாம் தடவை

தர்மபுரியில் கொட்டகை போட்டிருந்த லைசென்ஸ் முடியப் போகும் சமயம். புதுப் படப்பெட்டி ரயிலில் எங்கோ தங்கிவிட்டதால், அந்தக் கதவுப் படத்தையே மறுபடியும் போட்டார்கள். "இன்னிக்குப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று முதலாளி வந்து கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பென்னாகரமா, நல்லம்பள்ளியா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் சந்தைப் போக்குவரத்தும் அதில்தான் இருந்தது.

திரையில் கதவு சாத்திக்கொண்டது. விளக்கு வந்தது. "மகா ஜனங்களே" என்று ஆரம்பிக்கப் போனவன், பெண்கள் பக்கம் முன்னால் மாதம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கக் கட்டுரையையும் விட்டுவிட்டேன். "உள்ளே அவங்க என்ன செய்யறாங்கன்னு எனக்குத் தெரியலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க" என்றேன்.

"அழுவறா, வேறென்ன?" என்றது ஆண்கள் பக்கம். "எதுக்கு அழுவணும்? துணிமூட்டை கட்டறா, அண்ணன் வூட்டுக்குப் போவ" என்றாள் ஒருத்தி. "அண்ணன் வூட்ல அண்ணி இருக்காளே, அவ வுடுவாளா?" என்றாள் இன்னொருத்தி. "அவன வெட்ட அருவா தேடறா!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கத்த, சிரிப்பு எழுந்தது. மாதையன் ரீலை மாட்டிவிட்டு மணி அடித்தார்; ஒருவரும் கவனிக்கவில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியபோது மாதம்மாள் இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டா. சும்மா ஒக்காந்திருப்பா. யாரும் கூப்புடாம கொஞ்ச நேரம் ஒக்காரணும்னுதான் நாங்க கதவச் சாத்தறது."

முதலாளியின் தீர்ப்பு

அன்றைக்கு ஒருவரும் வெளியே போகவில்லை. நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனால், அங்கே முனியப்பன் ஒரு கூடை முறுக்கோடு முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "மொதலாளி, முன்னெல்லாம் இவரு நல்லா அறுத்துக்கிட்டிருந்தாரு, என் பொழப்பு நடந்துச்சு. இப்ப ஜனங்கள ஒக்கார வெச்சுப் பேச வுடறாரு. கூடையில வெச்சது வெச்சபடி இருக்குது பாருங்க. இவரு பென்னாகரம் வந்தா நான் கடை கொண்டாரல," என்றார். என்னைப் பார்த்து, "உங்க மேல கோவமில்லீங்க தம்பி" என்றும் சொன்னார். அது உண்மைதான், அவர் கண்ணில் கோபமே இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். உட்காருகிற ஜனங்களும் வேண்டும், கடை வாடகையும் வேண்டும். நல்லம்பள்ளி பஸ் எப்போது என்று மனசு யோசிக்கத் தொடங்கிவிட்டது. அவர் கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்துத் தின்று முடித்தார்.

"ரெண்டு பேருமே வாங்க. மொத ரீலு முடிஞ்சப்பறமும் கடைசி ரீலுக்கு முன்னாடியும் இன்னிக்கு மாதிரி ஜனங்களப் பேச வுடு தம்பி. நடுவுல மட்டும், அந்தப் பட்டணத்துப் பத்திரிகையில படிச்சத எடுத்து வுடு. முனியப்பன் முறுக்கு விக்கட்டும்."

அப்படியே பென்னாகரத்துக்கும் போனேன். என் ஆழ்ந்த விமர்சனத்தைக் கேட்டு அந்த ஊர் ஜனங்கள் தின்று தீர்த்த முறுக்கைப் பற்றி மட்டும், சந்தையில் மகனின் பேச்சு உத்தியோகத்தைச் சொல்லும்போது அப்பா இன்றைக்கும் வாயைத் திறப்பதில்லை.