அக்காவின் ஆறாம் பதிப்பு

அலுவலகத்தில் அவருக்குக் காவக்காரர் என்று பெயர். கையில் தடி கிடையாது. காதில் பென்சில், எதிரே மூன்று திரை. மென்பொருளைக் கணினிகளில் நிறுவும் பொதியைக் கட்டுவது அவர் வேலை. வீடு வீடாகப் போகும் பொதி, "உன் இயங்குதளம் எத்தனையாவது பதிப்பு?" என்று கேட்கும். புதிது என்றால் உள்ளே நுழையும். பழசு என்றால் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடும். மனுஷங்ககிட்ட இவன் இந்த மரியாதையைக் காட்டினதில்ல என்பார் அவருடைய அக்கா.

அக்கா சொன்னார் என்றால் கணினி சொன்னது என்று பொருள். தொண்டை அறுவையில் குரல் போவதற்கு முன், இரண்டு வாரம் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தார். அதன்பின் அவர் தட்டச்சு செய்ததையெல்லாம் தம்பி நிறுவனத்து மென்பொருள் அதே குரலில் பேசியது, அதே நக்கலோடு. கணினிதான் கிழடு. அதன் இயங்குதளம் ஆறாம் பதிப்பு.

"ஆறாவது வெர்ஷன் வச்சிருக்கிறது மொத்தம் நாலு பேரு சார். இனிமே ஏழுலேருந்துதான்" என்றார் மேலாளர்.

"அந்த நாலுல ஒண்ணு எங்கக்கா."

"அக்காவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தர மனசு வரலையா?"

காவக்காரர் அக்காவிடம் கேட்டார். "ஓடுறத எதுக்குடா மாத்தணும்? உன்னை மாத்தினேனா?" என்றது கணினி. சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டார். புதியது வராது, அவ்வளவுதானே; பழையது அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

புதிய பொதியை ஏழில் சோதித்தார், எட்டில் சோதித்தார். ஆறில் சோதிக்கவில்லை. கைவிட்டதை யார் சோதிப்பார்?

செவ்வாய்க்கிழமை பொதி தானாகவே அக்கா கணினிக்குப் போனது. பழைய மென்பொருளைக் குரலோடு துடைத்தது. பிறகுதான் கேட்டது, எத்தனையாவது பதிப்பு என்று. ஆறு என்றதும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிட்டது. பதிப்பைக் கேட்கும் வரிக்கு மேலே, பழையதைக் கழற்றும் வரியை வைத்திருந்தார் காவக்காரர். ஏழிலும் எட்டிலும் புதியது உடனே உள்ளே வந்துவிடும்; எது முன்னால் இருந்தாலும் ஒன்றுதான்.

ஓடி வந்தார். "நகல் ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கியாக்கா?"

அக்கா தாளில் எழுதினார்: "நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் வரை கணினியைத் தோண்டினார். ஒரு இருமல்கூட மிஞ்சவில்லை. அக்கா இன்னொரு தாளை நீட்டினார்: "உன்னைத் திட்டக்கூட வழியில்லாம பண்ணிட்டியேடா, காவக்காரா."

உரக்கப் படி என்று அக்கா கை காட்டினார். படித்தார். அக்கா தலையை ஆட்டினார்: இப்படி இல்லை. மறுபடி படித்தார். அக்காவின் நக்கல் அதில் வரவேயில்லை.