படத்தில் இல்லாத ஏஜென்ட்

பண மோசடிப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பங்குச் சந்தை என்றால் என்ன, வங்கி எப்படி மூழ்கும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் லாரி ஷெட், வேதாரண்யத்தில் உப்பளம் என்று போன இடத்திலெல்லாம் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்திருப்போம். எவனாவது போனைச் சுவரில் சாய்த்து வைப்பான். கோட்டு போட்ட ஒருத்தன் கண்ணாடிக் கட்டடத்தில் நின்றுகொண்டு டப்பிங் தமிழில் ஊரையே ஏமாற்றுவான். அவன் போலீசில் மாட்டிவிடக் கூடாதே என்று எங்களுக்குப் பதைப்பாக இருக்கும். பேசிய சம்பளத்தை முழுசாக வாங்க முடியாதவர்கள்தான் நாங்கள் எல்லாரும். ஆனாலும் அவன் பக்கம்தான் இருந்தோம்.

உப்பளத்தில் வேலை நின்ற சமயம், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா ஊருக்குப் போனேன். சம்பா நடவு ஆரம்பித்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்தேன். கடை டிவியில் நான் ஏற்கெனவே பார்த்த படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தி ஜனங்களிடம் பணத்தைச் சுருட்டுகிறவனின் கதை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்து என்ன வரும் என்று பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் நடக்கிற மாதிரி எழுந்து நடந்துகூடக் காட்டினேன்.

"இப்பப் பாருங்க, ஜனங்க வரிசையில நின்னு கொண்டாந்து கொட்டும். அவன் கேக்கவே மாட்டான். அதாங்க திறமை!"

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார். கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை பார்சல் டீ வாங்க நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"தம்பி யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

அத்தான் பேரைச் சொன்னேன்.

"அவரு மச்சினனா! அப்பக் கதை நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போனார். பெஞ்சில் இருந்தவர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள்.

அக்கா சோறு போடும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அத்தான் ஒரு நிதி நிறுவனத்துக்கு ஏஜென்டாக இருந்திருக்கிறார். முதலில் தன் பணத்தைப் போட்டார். மாதாமாதம் வட்டி வந்தது. அதைப் பார்த்துத் தெருவில் மற்றவர்களும் போட்டார்கள். "நான் இருக்கேன்ல" என்று அவர் சொன்ன வார்த்தைக்காகப் போட்டவர்கள்தான் அதிகம். நடவுக் கூலியில் மிச்சம் பிடித்ததை எல்லாம் பெண்கள் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் அந்த ஆபீசுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அத்தான் போட்டதும் போய்விட்டது. ஆனால் மற்றவர்கள் தந்ததற்குக் கமிஷன் வாங்கியிருந்தாரே, அதை யாரும் மறக்கவில்லை. தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டு, வாய்க்கால் கரையோடு சுற்றித்தான் வயலுக்குப் போய்வந்தார்.

நான் பார்த்த எந்தப் படத்திலும் இந்த ஆளைப் பார்த்ததில்லை. மேலே ஒரு பெரிய திருடன் இருப்பான், கீழே அழுகிற கூட்டம் இருக்கும். நடுவில் பழைய சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாங்கினவன் எங்கே? அவனும் அதே தெருவில்தானே குடியிருக்க வேண்டும்? இது அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். டீக்கடையில் நான் நடந்து காட்டியதை அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலைக்குள் அவள் காதுக்கு அது தானாகவே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அப்போது அவர்களுக்கு இருந்த கவலை நாற்று. விதை விட்டு வெகுநாளாகி, நாற்றங்காலில் முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளினால் நட்டும் தூர் வெடித்துக் கிளைக்காது. மெஷினில் நடலாம் என்றால் அதற்குத் தட்டில் வளர்த்த பாய் நாற்று வேண்டும். வடக்கிலிருந்து வரும் நடவு ஆட்களை வேறு ஊரில் முன்னாடியே பேசிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் வந்தால்தான் உண்டு. குத்தகை வயல் வேறு. இந்தப் போகமும் போனால் குத்தகையும் கைவிட்டுப் போகும், அதோடு வீட்டில் சாப்பாட்டுக்கும் வழியில்லை.

"நீ போய்க் கூப்புடேன். உன்மேல யாருக்கும் கோவமில்லைல்ல" என்றார் அத்தான்.

போனேன். நடவு ஆட்களைச் சேர்த்து வருகிறவர் வேறு யாருமில்லை, டீ வாங்க நின்ற அந்தப் பெண்பிள்ளைதான்.

"வாங்க, நடிகர் சார்" என்றார். "இன்னைக்கு என்ன படம்?"

நடவுக்கு ஆள் வேண்டும் என்றேன்.

"நடவுக்குக் கூப்புடணும்னா வயக்காரர்தான் வாசலுக்கு வரணும். மச்சினன அனுப்புறது எந்த ஊரு வழக்கம்? எங்கக்கிட்ட காசு வாங்கறப்ப இதே வாசல்லதான் நின்னாரு. அப்ப யாரையும் அனுப்பலையே."

திரும்பி வந்து இதை அப்படியே சொன்னேன். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு தெரு வழியாகவே நடந்தார். நான் பின்னால் போனேன். எதிரில் வந்தவர்கள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

அவர் வாசலில் நின்று, "நாத்து முத்துது. வாங்க" என்றார்.

அந்தப் பெண்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "வர்றோம். ஆனா கூலிய மொதல்ல குடுத்துடணும். இறங்கறதுக்கு முன்னாடி. அதுவும் உங்க கையால வேணாம், உங்க சம்சாரம் கையால குடுக்கச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் நட்டு முடித்துக் கரையேறிய பிறகுதான் கூலி. முன்கூலி கேட்டு நான் பார்த்ததே இல்லை. அத்தான் தலையை ஆட்டினார்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் வந்து வரப்பில் நின்றார்கள். அக்கா ஒவ்வொருவர் கையிலும் கூலியை வைத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு, சேலையை ஏற்றிச் செருகி, சேற்றில் இறங்கினார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தானும் நானும் நாற்றுப் பறித்து முடிச்சு கட்டினோம். அவர்கள் நட நட, முடிச்சுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழக்கமாக வரப்பில் நின்றே வீசி எறிவார்கள். பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள், சிரித்தார்கள், என்னைக்கூட இரண்டொரு தடவை கிண்டல் செய்தார்கள். அத்தானிடம் ஒரு வார்த்தை இல்லை. வெயில் ஏறி நடவு முடிகிற வரை, யார் மேலும் சேறு தெறித்துவிடாதபடி, அவர் ஒவ்வொரு முடிச்சையும் குனிந்து வைத்துக்கொண்டே போனார்.