என் துட்டிக்கு வந்தவர்களுக்கு நான் போட்ட காப்பி

நான் செத்துப்போன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கணவரின் நண்பர். காலை பத்து மணி இருக்கும். முன்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கையில் பெரிய ரோஜா மாலையோடு அவரும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் மனைவியும் இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் "எம்மா!" என்று ஒரு சத்தம் போட்டு மறுபடியும் ஆட்டோவுக்குள் ஏறிவிட்டாள்.

"வாங்கோ, வாங்கோ" என்றேன் நான், ஒன்றும் புரியாமல்.

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். தோளில் துண்டு, முகத்தில் உண்மையான துக்கம். என்னைப் பார்த்து, "ஏம்மா, துட்டி வீட்டுல ஆராவது வாங்கோன்னு சொல்லுவாளா? ஒரு முறை தெரியாண்டாமா?" என்று கடிந்துகொண்டார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். அங்கே வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வாறேன்' என்று சொல்வதும் இல்லை. சொன்னால் அதே வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. என் சொந்தச் சாவிலேயே முறை தெரியாதவள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

நண்பர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மயினி, அண்ணன்தான் காலையில போன் அடிச்சு, 'அவ போயிட்டா, வா'ன்னாரு. எப்பம், எப்படின்னுகூட நான் கேக்கல்ல" என்றார். கேட்டிருந்தால்தான் என்ன தெரிந்திருக்கும்! அந்த அம்மாளையும் ஆட்டோவிலிருந்து இறக்கி, இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் டம்ளரை வாங்கும்போது என் விரலை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். கிளம்பும்போது நண்பர் 'போயிட்டு' என்று வாயைத் திறந்தார், என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மாலை மிஞ்சியது. துட்டிக்கு வந்த மாலையைச் சாமி படத்துக்குப் போட முடியுமா? அதற்குள் என் கணவர் நான் பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்த போட்டோவைத் தேடிப்பிடித்து, முன் அறையில் மாட்டி, மாலையும் போட்டுவிட்டார். அடுத்த நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்காவா, தங்கச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார். "அக்கா" என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல!

இதற்கு மூன்று வருடம் முன்பே அவருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தால் அது வயசு. ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டார். அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். வயசானால் அப்படித்தான் என்று நானே ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையால் தப்பைச் சுழித்தவள். உயிரோடிருப்பவளைச் செத்தவள் என்று ஒருவர் சொன்னால் சும்மா விடுவேனா? ஆதார் அட்டையைக் காட்டினேன். ரேஷன் கார்டைக் காட்டினேன். கடைசியில், பென்ஷன்காரர்கள் வருடா வருடம் உயிரோடிருப்பதற்குக் கொடுக்கிற சான்றிதழையே கொண்டுவந்து நீட்டினேன். அரசாங்கமே ஒத்துக்கொண்ட உயிர்!

கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்தவ பேருல பென்ஷன் வாங்குதது குற்றமாக்கும். பிடிச்சு உள்ள போட்டிருவான்" என்று என்னை எச்சரித்தார்.

நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க பாருங்கோ, நான்தான் உங்க பொண்டாட்டி" என்று கத்தினேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. என் மனுஷன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பதைத் தாங்க முடியவில்லை.

நாகர்கோவில் டாக்டர் சொன்னார்: "திருத்தாதீங்க. அவருக்கு இனி சரி, தப்பு கிடையாது. பயம் உண்டு, பயமில்லாம இருக்கிறது உண்டு. அவ்வளவுதான். அவர் இருக்கிற இடத்துக்கு நீங்க போங்க."

"நான் செத்துல்லா போயிருக்கேன் டாக்டர், எங்க போக?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பிரஷரைப் பார்த்தார், காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்தார். நீங்களும் தினம் நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். செத்தவளுக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த ஒரே டாக்டர் அவராகத்தான் இருப்பார்.

அன்றிலிருந்து துட்டிக்கு வந்து தங்கிவிட்ட தூரத்துச் சொந்தக்காரியாக ஆனேன். அவருக்கு ஒவ்வொரு நாளும் நான் செத்த மறுநாள்தான். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் கேட்பார். நானும் தினமும் சொல்லுவேன். பதினாறு வரவே வராது என்ற தைரியம்தான்.

இதில் எனக்கு ஒரே ஒரு குறை. என் வீட்டுக்காரர் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற இடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். வருடக்கணக்காக விடியற்காலை பஸ். தினமும் கேட்டருகே நின்று திரும்பி, "போயிட்டு வாறேன், கேட்டியா" என்பார். சொல்லாமல் ஒருநாள் இறங்கியதில்லை. அடுக்களையிலிருந்து நான் "ம்" என்பேன். சில நாள் அதுகூடக் கிடையாது. இப்போது காலையில் குளத்தங்கரைக்கு நடக்கப் போகிறார். எங்கள் போன் நம்பர் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போவார். துட்டி வீடல்லவா! இருபதடி பின்னால் நான் போவேன். என்னை அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை மறுபடி ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் மத்தியானம் சின்ன வெங்காயமும் வறுத்தரைத்த தேங்காயும் புளியும் சேர்த்து உள்ளித்தீயல் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போட்டோவைப் பார்த்தார். "அவ வைக்கிற தீயலு தனியாக்கும். உங்களுக்கு அந்தக் கை வரல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து புளி கூடிப்போச்சு என்று தட்டை நகர்த்திய மனுஷன்! "அவ பெரிய சிடுமூஞ்சின்னு ஊரே சொல்லுது" என்றேன்.

"சிடுமூஞ்சிதான்" என்று ஒத்துக்கொண்டார். இன்னொரு வாய் சோறு எடுத்தார். "ஆனா பஸ்சு எத்தன நேரம் பிந்தினாலும், நான் வந்த பிறவுதான் சாப்பிடுவா."

"இத எப்பமாவது அவகிட்ட சொல்லியிருக்கேளா?"

"சொல்லணுமா? அவளுக்குத் தெரியாதா?"

நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உயிரோடிருந்தபோது கிடைக்காத பாராட்டை எல்லாம் அந்தப் போட்டோக்காரி வாங்கிக்கொண்டு போகிறாளே என்று அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம் ஒரு காலை. மழை விட்டிருந்தது. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து, அங்கேயே நின்றுவிட்டார். தோசைத் திருப்பியோடு எட்டிப் பார்த்தேன்.

"துட்டி வீட்டுல இருந்து இறங்கும்போது சொல்லப்பிடாது. எனக்கு முறை தெரியும்" என்றார். வெளியே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஆனா சொல்லாமப் போனா, பிறகு இங்க நான் வரப்பிடாதுல்லா? எனக்கு உங்கள மறுபடி பாக்கணும். அதனால சொல்லுகேன். போயிட்டு வாறேன், கேட்டேளா."

இந்தத் தடவை நான் 'ம்' என்று சொல்லவில்லை. கேட்டுவரைக்கும் போனேன்.

"போயிட்டு வாங்கோ" என்றேன்.

தலையாட்டிவிட்டு, கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டுப் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, இருபதடி பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.