தொண்ணூற்றேழில் நடந்து போனவர்

இறந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவருக்கு மூன்று ஓட்டங்களை இனாமாகக் கொடுத்துவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிப்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம். இறந்தவரின் பெருமைகளைப் பாட்டாக எழுதி, படத்தோடு புத்தகமாக்கி, சாப்பாட்டுக்கு முன் கையில் தருவார்கள். அவருக்கான கல்வெட்டைப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறியதும் திறந்து பார்த்தேன். 'சதம் அடித்த சிங்கம்' என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரமட்டாவில் இறங்க வேண்டியவன் ஒரு நிலையம் தாண்டி ஹரிஸ் பார்க்கில் போய் இறங்கினேன்.

அவர் சதம் அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூட மதிலில் தொங்கிக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் நான். எனக்குப் பத்து வயது. அவர் பெரிய வகுப்பு அண்ணன். அவர் தலை வாரும் விதத்தில்தான் நானும் வாருவேன். அன்றைக்கு அவர் தொண்ணூற்றேழில் நிற்கும்போது பந்து துடுப்பின் விளிம்பில் உரசிக்கொண்டு விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நடுவரும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார். இவரோ அவுட் என்று தானே ஒப்புக்கொண்டு, துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தார். எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரருக்கே முதலில் விளங்கவில்லை. அதன் பிறகு எங்கள் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. தோற்றுப்போனோம். மதிலில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். எனக்கு அந்த நடையின் மேல் பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை. பிறகு எத்தனையோ சதங்களைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு நடையைப் பார்க்கவில்லை.

ஊரை விட்டாலும் எங்கள் ஆட்கள் கதையை விடமாட்டார்கள். சிட்னியில் கல்யாணம், பிறந்தநாள், எங்கே கண்டாலும் அவருக்கு அதே பகிடி. செயலாளர்தான் முதல் ஆள். சாப்பாட்டு வரிசையில் அவருடைய தோளைத் தட்டி, அன்றைக்கு நின்றிருந்தால் கப் எங்களுக்கு என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு வடையை எடுத்துத் தட்டில் வைப்பார். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிச்சல்தான். ஏன் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லக்கூடாது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"பந்து பட்டது, தம்பி. பிறகென்ன கதை?" என்றார். அதோடு தன் வீட்டு முருங்கை பூத்தும் காய்க்காத கதைக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை பிடிப்பது?

ஹரிஸ் பார்க் நிலையத்தில் நின்றபடியே செயலாளருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். பாட்டை எழுதியவர் மெல்பேர்னில், ரோவில்லில் இருக்கிறாராம். ஓய்வுபெற்ற எஞ்சினியர். தொண்ணூற்றேழுக்கு எதுகை கிடைக்காது என்று அவர் கையை விரித்துவிட்டாராம். செத்த வீட்டில் மூன்று ஓட்டத்துக்காக யாராவது நிற்பார்களா என்று செயலாளர் என்னையே திருப்பிக் கேட்டார். இத்தனை வருடமாக அதே மூன்று ஓட்டத்துக்காக அவரைப் பிடுங்கித் தின்றவர் கேட்கிற கேள்வி இது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் ஆட்களிடம் அது இருக்கும்வரைக்கும் செல்லாக்காசு. கடைசியில், இறந்தவரின் வீட்டார் சொன்னால் மாற்றலாம் என்று இறங்கி வந்தார்.

அந்தச் சனிக்கிழமையே இறந்தவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். அக்கா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றேன்.

"தொண்ணூற்றேழு எண்டு எனக்குத் தெரியும், தம்பி," என்றார் அக்கா. "ஒவ்வொரு கொண்டாட்டத்திலயும் அவரைப் பகிடி பண்ணுவினம். அவர் அங்க சிரிச்சுப்போட்டு வருவார். காரில ஏறினா வீடு வரைக்கும் கதைக்க மாட்டார். இப்பதான் முதல்தரம் அவையள் அவரைப் பற்றி நல்லதாச் சொல்லுகினம். அதை நிப்பாட்டாதேயும்."

அவர் நடந்து போனதுதானே, அக்கா, பெருமை, அதை மறைத்துவிட்டு இவர்களுடைய பொய்ச் சதம் எதற்கு என்று கேட்டேன்.

"அது உமக்கும் எனக்கும் தெரியும்," என்றார். "அவையளுக்கு விளங்கிறதெண்டா அண்டைக்கே விளங்கியிருக்கும்."

காய் முறிப்பதை அவர் நிறுத்தவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் செயலாளர் குரலை உயர்த்திப் பாட்டை வாசித்தார். சதம் என்ற இடத்தில் யாரோ கைதட்டினார்கள். நினைவுக் கூட்டத்தில் கைதட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் ஒருவரைப் பார்த்து ஒருவராக மண்டபம் முழுக்கத் தட்டியது. மதிலில் இருந்து அவரைத் திட்டியவர்களும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அக்கா மெல்லத் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என் கைகளைப் பார்த்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் தட்டினேன்.