பந்தியில் பாதியில் எழுந்த மாப்பிள்ளை

செல்லூரில் முனீஸ்வரிக்குப் பொறாமைக்காரி என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை. புருஷன் சோலை பால் வாங்கப் போய்ச் சற்றுத் தாமதித்தாலும் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சோலைக்குக் காதுக்குள் யாரோ திட்டுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் அது அடங்கிவிட்டது. ஆனால் மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரிக்கவில்லை. விசைத்தறிப் பட்டறையில் தறிக்குத் தறி நடப்பதுதான் வேலை என்பதால் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் சோறு போட்டால் நாலு வாய் தின்றுவிட்டு, எழுந்து தெருமுனைக்கு நடப்பான். அந்த முனையில்தான் தாமரைச்செல்வியின் தையல்கடை. இதற்கு மேல் முனீஸ்வரிக்குச் சாட்சி எதற்கு?

"எங்க போற?" என்பாள்.

"சும்மா நடந்துட்டு வாரேன்."

அந்தச் சும்மாவைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அவள் அண்ணன் மகளின் சடங்கில் விஷயம் வெடித்தது. வீட்டு மாப்பிள்ளை என்று சோலையை முதல் பந்தியில், அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்குமுன் எழுவது சோறு போட்டவனை அவமதிப்பதாகும். சோலை பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணன் முகம் கறுத்தது. முனீஸ்வரி பின்னாலேயே ஓடினாள்.

மண்டபத்து வாசலில் அவன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பொண்ணுக்கு ரவிக்கை தைத்தவள் என்று அழைக்கப்பட்டிருந்த தாமரைச்செல்வியும் பேசியபடி கூடவே நடந்தாள்.

"ஊரே பாக்க ஜோடி போட்டு நடக்குறீகளோ!" என்று சீறினாள் முனீஸ்வரி.

தாமரைச்செல்வி பதறவில்லை. "எந்தம்பிக்கும் இப்படித்தாங்க்கா, இந்த மாதிரி மாத்திரை தின்னப்ப. உள்ளுக்குள்ள பிறாண்டுற மாதிரி இருக்கும், உக்கார விடாது. சோலையண்ணே மாத்திரையவே நிறுத்தப் போறேங்குறாரு. நிறுத்த விடாதீங்க, டாக்டர்ட்டச் சொன்னா மாத்திக் குடுப்பாரு."

நிறுத்தினால் அந்தத் திட்டுகள் திரும்பி வருமே!

மறுநாளே முனீஸ்வரி அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மருந்தின் பக்கவிளைவுதான், நோய் முற்றவில்லை என்றார் அவர். அளவைக் குறைத்து, துணைக்கு வேறொரு மாத்திரையும் எழுதினார். மெல்ல மெல்லக் கால் அடங்கியது. ஒருநாள் மதியம் சோலை மோர்ச்சோறு வரைக்கும் உட்கார்ந்தே சாப்பிட்டான். முனீஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பொறாமை மட்டும் போகவில்லை. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது.

"கட்டுன பொண்டாட்டிட்டச் சொல்லாதத அவகிட்ட எதுக்குய்யா சொன்ன?"

சோலை சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "நீ எங்க போற, எங்க போறன்னே கேட்ட. அந்தப் புள்ளதான், ஏண்ணே உக்கார முடியலையான்னு கேட்டுச்சு."