கண்ணை மூடினால் தெரிபவர்

பாரிவாக்கத்தில் நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் யாராவது வந்து உலுக்கி எழுப்பிவிடுகிறார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்து இந்த ஊரில் ஒதுங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். களையெடுப்பு முடிந்து வந்து, குடிசையின் பின்சுவரில் சாய்ந்து, கைகளை மடியில் சேர்த்துக் கண்ணை மூடுவேன். என் கணவருடைய அண்ணன் மனைவி கன்னியம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

"இன்னா எஸ்தரு, மயக்கமா? நீராகாரம் கொண்டாரட்டா?"

"மயக்கம் இல்லக்கா. ஜெபம் பண்றேன்."

"சாமி கும்புடறவ மூஞ்சியா இது? பேயப் பாத்தவ மாதிரி கீறே!"

அவளுடைய வழிபாடு வேறு மாதிரி. அம்மன் கோயிலுக்குப் போவாள், கண்ணை அகலத் திறந்து சாமியைப் பார்ப்பாள், கேட்க வேண்டியதை உரக்கக் கேட்பாள், வந்துவிடுவாள். சாமி முன்னால் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் அப்புறம் எதைப் பார்ப்பது என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். என் முகத்தைப் பற்றி அவள் சொன்னது சரி. எனக்கு அப்போது ஜெபம் வரவில்லை.

ரங்கூனில் ஒருபோதும் இப்படி இருந்ததில்லை. என் மாமனார் மூத்த மகனை இந்த ஊர்ச் சேரியில் தன் தாயாரிடம் விட்டுவிட்டுக் கூலியாகக் கப்பலேறி, அங்கே கிறிஸ்தவரானவர். நானும் என் கணவர் தானியேலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தானியேலுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. சாயங்காலம் வந்ததும் கால் கழுவிவிட்டுப் பலகைத் தரையில் உட்காருவோம். உடனே ஜெபிக்க மாட்டார். ஆலையின் இரைச்சல் காதைவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு யார் மேலயாவது கோபமா?" என்று கேட்பார். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவளையோ, ஏமாற்றிய கடைக்காரனையோ சொல்வேன். அவரும் மேஸ்திரியைச் சொல்வார். அந்தக் கோபத்தை எல்லாம் வெளியே விட்ட பிறகுதான் கண்ணை மூடுவோம். அப்புறம் வீட்டுக்கு வந்த உறவுக்காரரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசுவார். ஊறுகாயில் உப்புக் கூடிப்போனதைக்கூடச் சொல்வார். ஜெபம் என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். இருதயத்தைப் பெருக்கித் துடைத்து வைத்தால் அவர் வந்து உட்காருவார்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூன் காலியானது. கப்பலில் ஏற நம்மைப் போன்றவர்களுக்கு இடமில்லை. ப்ரோம் நகரம் வரை போய், அங்கிருந்து அரக்கான் மலை வழியாக நடந்தோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்து இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த வழியில் நடந்தவர்கள், உங்களுக்கு நான் அதை விவரிக்க வேண்டியதில்லை. மலையேற்றத்தில் தானியேலுக்கு வாந்திபேதி கண்டது. காலையில் என்னோடு நடந்தவர் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். மண் பாறையாக இருந்தது, யாரிடமும் மண்வெட்டி இல்லை. முன்னால் எங்கோ தண்ணீர் இருக்கிறது, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கூட வந்தவர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். என் முந்தானையைக் கிழித்து அவர் முகத்தை மூடினேன். காற்று அதை விலக்கியது. திரும்பிப் போய் மறுபடி மூடக்கூட என்னை விடவில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தத் துணி விலகிய முகம்தான் தெரிகிறது.

பூந்தமல்லி போகும் சாலையோரம் கீற்று வேய்ந்த ஒரு சிறு ஜெபவீடு உண்டு. ஞாயிறுதோறும் நடந்து போவேன். அங்கே இருந்த உபதேசியார் நல்ல மனிதர், ஆனால் கேட்பதைவிடப் பேசுவது அவருக்கு எளிது. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், எனக்கு ஜெபிக்க முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயா, கண்ணை மூடினா அவர்தான் தெரியுறார். வேற எதுவும் நினைக்க முடியல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் தெரிகிறாரா? அம்மா, நீ பாக்கியவதி! எத்தனை வருஷம் உபவாசமிருந்தாலும் கிடைக்காத தரிசனம்!"

"ஐயா, நான் சொன்னது..."

"தாழ்மை வேண்டாம் அம்மா. இதைச் சபையில் சொல்லத்தான் வேண்டும்!" என்று என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, ஜெபத்துக்கு இருதயத்தை ஆயத்தப்படுத்துவது பற்றிப் பிரசங்கித்தார். எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு சகோதரி நம் நடுவில் இருக்கிறாள், கண்ணை மூடினால் ஆண்டவரையே காண்கிறாள் என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலை நிமிரவில்லை. அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது பருத்திப்பட்டிலிருந்து வருகிற ரெபேக்கா என் கையைப் பிடித்துப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பெண்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு ஆவடியில பட்டாளத்து லாரி ஓட்டிகினு இருந்தாரு. அரக்கான் பக்கம் அனுப்ச்சிட்டாங்கோ. ஒரு சேதியும் இல்ல. ஆண்டவரு ஒனக்குத் தெரியறப்போ, அவுரு உசுரோட கீறாரான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுக்கா."

அவள் சொன்ன அரக்கான், நான் தானியேலை விட்டு வந்த மலை. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் சந்தோஷமாக வீடு போயிருப்பாள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை.

"நான் பாக்கிறது ஆண்டவரை இல்லம்மா. என் வீட்டுக்காரரை. அந்த மலையிலதான் செத்தார்." பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கன்னியம்மாவிடம்கூடச் சொல்லாததை.

ரெபேக்கா என் கையை விட்டாள்.

"பொதைக்கவே இல்லியா?"

"முடியலம்மா."

"அப்போ அந்த மலையில எங்க ஊட்டுக்காரருக்கு இன்னான்னா ஆனா... யாரு பொதைப்பாங்கோ?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆவடிச் சாலையில் போனாள். அந்தப் பக்கம் போன பட்டாளத்து லாரிகளின் புழுதியில் சீக்கிரமே மறைந்துவிட்டாள். அவள் கேட்டு வந்தது ஒரு நல்ல வார்த்தை. நான் கொடுத்தனுப்பியது என் மலையை.

வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல், அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தானியேல் கேட்கும் கேள்வி மனதில் எழுந்தது. யார் மேலயாவது கோபமா? ரங்கூனில் அந்தக் கேள்விக்குச் சொல்ல எத்தனையோ பெயர்கள் இருந்தன. அன்று ஒரே பெயர்தான் இருந்தது. "உம்மேலதான் ஆண்டவரே" என்றேன், வாய்விட்டு. "முகத்தை மூட வைத்த துணியைக்கூட விட்டு வைக்கலையே நீர்" என்றேன். அழுதேன், திட்டினேன். கன்னியம்மா ஓடி வந்து வாசலில் நின்றாள். என்னை உலுக்கவில்லை. "இப்பதான்டி நீ சாமி கும்புடறே" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று எனக்கு ஆறுதல் வரவில்லை. தரிசனமும் இல்லை. ஆனால் நீண்ட நாளுக்குப் பிறகு நான் பேசியதைக் கேட்க ஒருவர் எதிரில் இருந்ததுபோலத் தோன்றியது. பெருக்கித் துடைக்காத வீட்டுக்குள்ளும் அவர் வந்து உட்காருவாரோ என்று நினைத்தேன். உபதேசியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் "மன்னியும் அம்மா" என்று மட்டும் சொன்னார். தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அதன்பின் யாரும் என்னிடம் வரவில்லை.

ரெபேக்காவும் பல வாரம் வரவில்லை. வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சேதி ஏதும் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஜெபவீட்டுப் பாயில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கும் இப்போ கண்ண மூட முடியலக்கா. நீ ஜெபம் பண்ணு. நான் பக்கத்துல கீறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். தமிழ் வரவில்லை. "பயா தக்கின்" என்றுதான் வந்தது. ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பர்மியக் கிறிஸ்தவர்கள் ஆண்டவரைக் கூப்பிடும் சொல். சின்ன வயதில் அவர்கள் வீட்டு ஜெபத்தில் நானும் சொன்னது.

ரெபேக்கா திடுக்கிட்டாள். "யாருக்கா அது?"

"ஆண்டவர்தான். பர்மாவில அப்படிக் கூப்பிடுவாங்க."

"நம்ம ஆண்டவரா?"

"நம்ம ஆண்டவர்தான்."

"எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கந்தானே கீறாரு. ஒங்க ஊட்டுக்காரரும் அங்கதான். அந்த பாஷையிலேயே கேளுக்கா."

பூந்தமல்லிச் சாலையில் கீற்றுக் கூரைக்குக் கீழே, என்னைத் துரத்திவிட்ட தேசத்தின் மொழியில் நான் ஜெபித்தேன். எனக்கு அந்த மொழி பாதிதான் தெரியும், அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் அவள் ஆமென் சொன்னாள். எங்கள் இருவர் கண்களும் திறந்தே இருந்தன.